அவசரப் பாதையில் நிற்பவர்

புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி மாமா இருக்கிறார். அம்மாவின் தம்பி. பதினைந்து வருடம் டோவிங் லோரி ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் யாராவது மாமாவைப் பற்றிக் கேட்டால் “லோரி ஓட்டுறாரு” என்று மட்டும் சொல்வேன். டோவிங் என்று சொன்னால் “ஊலாட்டா?” என்று கேட்பார்கள். ஊலாட் என்றால் புழு. விபத்து நடந்த இடத்தில் யாரும் அழைக்காமலே வந்து மொய்க்கிறவர்களுக்கு நம் நாட்டில் அந்தப் பெயர். மாமாவும் அப்படித்தானோ என்ற சந்தேகம் எனக்கும் ரொம்ப நாள் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பாயான் லெப்பாசில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கோலாகங்சார் தாண்டி மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். வீடு பக்கம்தானே என்று ஓட்டினேன். மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. இறக்கத்தில் அவசரப் பாதையில் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து மாமாவைக் கூப்பிட்டேன்.

“எங்கடா இருக்க?”

“காடியிலதான் மாமா.”

“மொதல்ல எறங்கு. இடது பக்கக் கதவத் தொறந்து எறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போயி நில்லு. அப்புறம் பேசலாம்.”

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது தோன்றவில்லை.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு டோவிங் லோரி வந்து என் காடிக்கு முன்னால் நின்றது. நான் அழைக்கவில்லை. இறங்கியவர் கொக்கியை எடுத்துக்கொண்டே “எந்தப் பட்டறைக்கு, பாஸ்?” என்றார். மாமா இன்னும் லைனில் இருந்தார். “மாட்ட விடாத. மாட்டிட்டா அவுக்கறதுக்கும் காசு கேப்பான். பிளஸ் ரோந்துக்காரங்களக் கூப்புடு. பக்கத்து டோல் வரைக்கும் சும்மாவே இழுத்துட்டுப் போவாங்க. நான் டோல்ல நிக்கிறேன்.”

வேண்டாம் என்றதும் அந்த ஆள் ஏதோ திட்டிவிட்டுப் போனார். ரோந்து வண்டி வரும்வரை தடுப்புக்கு வெளியே நின்றேன். பாரம் ஏற்றிய டிரெய்லர் ஒவ்வொன்றும் கடக்கும்போது தடுப்பு அதிர்ந்தது. முன்பு இந்த இறக்கத்தின் அடிவாரத்தில்தான் ஜெலாப்பாங் டோல் இருந்தது. பிரேக் பிடிக்காத லோரிகள் அங்கே மோதிய விபத்துகளுக்குப் பிறகு அந்த டோலையே எடுத்துவிட்டார்கள். டோலை எடுக்கலாம், மலையை எடுக்க முடியாதே.

நின்ற இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காடி ஒரு நொடியில் 30 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஓட்டுபவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க இரண்டு நொடி என்றால் 60 மீட்டர். காய்ந்த தார் ரோட்டில் நிற்க இன்னும் சுமார் 70 மீட்டர். ஆக 130 மீட்டர். இது சமதளத்துக்கான கணக்கு. இறக்கமும் மழையும் சேர்ந்தால் இன்னும் நீளும். காடிக்குப் பின்னால் இருபது அடியில் நான் வைத்திருந்த முக்கோணத்தைப் பார்த்தேன். அது யாருக்கும் ஒரு நொடிகூடக் கொடுக்காது.

ஈப்போ உத்தாரா டோலில் மாமா காத்திருந்தார். ஹைவேக்குள் அவர் வரவே இல்லை. அன்று இரவு ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு காரணத்தைச் சொன்னார். அவரோடு வேலை செய்த பையன், காடியை ஏற்றி முடித்துவிட்டுக் கூம்புகளைப் பொறுக்கப் போயிருக்கிறான். கடைசிக் கூம்பு. அவசரப் பாதையில் வேகமாக வந்த ஒரு காடி அவனை அடித்துவிட்டது. “நான் லோரியில ஸ்டார்ட் போட்டு உக்காந்திருந்தேன்டா. அவன் வரலியேன்னு ஹாரன் அடிச்சேன்” என்றார். அதற்குப் பிறகு ஊருக்குள் மட்டும்தான் லோரி ஓட்டினார்.

“அவங்க ஏன் மாமா கூப்புடாமலே ஓடி வராங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல வர்றவனுக்குத்தான் காடி. கூம்பு வச்சிட்டு நிக்கிறவனுக்கு யாரு காசு கொடுக்கறா?”

அந்தப் பதிலைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இழுக்கும் கூலி சின்னது. பெரிய பணம், மோதிய காடி எந்தப் பட்டறைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. கொண்டுவந்து விடுபவருக்குக் கமிஷன். அதனால் இந்தத் தொழில் அவசரத்துக்குக் காசு கொடுக்கிறது, கவனத்துக்குக் கொடுப்பதில்லை. கூம்பு வைக்கும் ஐந்து நிமிடத்தில் காடி இன்னொருவன் கொக்கிக்குப் போய்விடும். நாம் வெறுக்கும் ஊலாட்டையும், கடைசிக் கூம்போடு செத்த பையனையும் ஒரே ஏற்பாடுதான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

1916இல் அமெரிக்காவின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் முதல் டோவிங் வண்டியை உருவாக்கினார். இன்று அந்த ஊரில் இந்தத் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் வேலையில் இறந்த டோவிங்காரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். சாலையோரம் விளக்கெரிய நிற்கும் அவசர வண்டியைக் கண்டால் அடுத்த பாதைக்கு விலக வேண்டும், இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற சட்டம் 1996இல் தென் கரோலினாவில் தொடங்கியது. 2012க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது.

நமக்கோ ஹைவேயில் நெரிசல் என்றால் முதலில் ஞாபகம் வருவதே அவசரப் பாதைதான். பெருநாள் லீவில் பாருங்கள். சம்மன் வரும் என்று தெரிந்தும் வரிசையாக அதில் ஏறுவோம். அந்த வரிசையின் முன்னால் யாரோ ஒருவர் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருப்பார். நானும் ஏறியிருக்கிறேன்.

போன மாதம் மாமாவைப் பினாங்குக்கு அழைத்துப்போனேன். கோலாகங்சார் பக்கம் தூரத்தில் மஞ்சள் விளக்கு சுழன்றது. வேகத்தைக் குறைத்து வலது பாதைக்கு மாறினேன். மாமா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இடது பக்கம் பார்த்தார். “கூம்பு ரொம்பக் கிட்ட வச்சிருக்கான்” என்றார். அதன் பிறகு ஜூரு வரைக்கும் எதுவும் பேசவில்லை.