கடைக் கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும்

உசிலம்பட்டியில் அய்யா வைத்த மளிகைக் கடையை இப்போது தம்பி பார்க்கிறான். போன மாதம் அவன் மகன் லீவில் வந்திருந்தான். இரண்டு வருட பில் கணக்கை லேப்டாப்பில் ஏற்றி, "பெரியப்பா, எந்தச் சரக்கு எந்த மாசம் தீர்ந்துபோகுதுன்னு இதுவே பிரிச்சுச் சொல்லும்" என்றான்.

முறைக்குப் பெயர் கே-மீன்ஸ். 1957-லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் லாய்டு எழுதிவைத்தது. அச்சில் வந்தது 1982-ல். ஒவ்வொரு சரக்கும் மாதத்துக்கு எத்தனை நாள் இருப்பில் இல்லை என்று பன்னிரண்டு எண்கள். எத்தனை குவியல் வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். குவியலுக்கு ஒரு நடுப்புள்ளி வைத்து, அருகில் உள்ளதையெல்லாம் அதில் சேர்க்கும். சேர்ந்தவற்றின் சராசரியைப் புது நடுவாக்கி மறுபடி பிரிக்கும். எதுவும் இடம் மாறாதபோது நின்றுவிடும்.

ஒரு குவியலில் சூடம், பச்சரிசி, மண்டை வெல்லம். மூன்றும் மாசியில் ஒன்றாகத் தீர்ந்திருந்தன. சிவராத்திரிக்கு பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு இங்கிருந்து பெட்டி போகிறதே! அய்யா இதற்கென்றே தை பிறந்ததும் கீழமாசி வீதிக்குச் சரக்கெடுக்கப் போவார். மிஷின் கண்டுபிடித்துவிட்டதே என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இன்னொன்று எப்போதும் தீராத சரக்கு. உப்பு, தீப்பெட்டியோடு அரப்புத்தூளும் கட்டிச் சாம்பிராணியும் அதில் இருந்தன. "உப்பு ஓடுது. இதுக ரெண்டும் வித்ததாவே பில் இல்லை, நிறுத்திரலாம்" என்றான். சரிபார்க்க அலமாரியில் எண்ணினான். கணக்கில் அரப்பு பதினாலு பொட்டலம், இருந்தது ஒன்பது. முகம் மாறிவிட்டது. கடைப்பையன் மேல் சந்தேகம். அவன் எட்டு வருடமாக இருப்பவன். அவன் காதிலும் விழுந்துவிட்டது. தராசுப் பக்கம் அப்படியே நின்றான்.

தம்பி கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "அது எழவு வீட்டுக்குக் குடுத்தது. ராத்திரி வந்து கதவைத் தட்டுவாக. அய்யா காலத்துல இருந்து அதுக்கு பில் கிடையாது."

எனக்கே அது மறந்துபோயிருந்தது. நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அய்யா பொட்டலம் கட்டுவார். மற்ற கடனுக்கெல்லாம் நோட்டு உண்டு.

"அப்ப இதை எப்படி ஏத்துறது?" என்றான் பிள்ளை.

"ஏத்தாத."

கொஞ்ச நேரம் யோசித்தான். ஐந்து பொட்டலத்தையும் சேதாரம் என்று பதிந்துவிட்டு, கடைப்பையனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னான். பிறகு, "வேணாம்ணே, நானே போறேன்" என்று எழுந்து போனான்.