இரண்டு வேளைச் சோறு

பெங்களூருத் தமிழர் வீட்டில் காபி வேண்டாம் என்று சொல்வதைவிடக் கடினமான ஊழியம் வேறில்லை என்று அப்போது நினைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போடும்போதே அடுப்பில் பால் ஏறிவிடும். வேண்டாங்க்கா என்றால், "அப்ப டீ போடறேன்" என்பார்கள். டீயும் கூடாது. உடனே முகத்தில் கவலை வரும். "வயித்துல ஏதாச்சும் கோளாறா தம்பி?" கடைசியில் இரண்டு டம்ளர் மோரில் சமாதானம் ஆகும். எங்கள் சபையில் காபி, தேநீர், மது, புகையிலை நான்குமே விலக்கு. 1833-ல் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடு என்று நாங்கள் நம்பும் கட்டளை அது. 'ஞான வார்த்தை' என்போம். மோரைக் குடித்துக்கொண்டே, இந்தக் காபியை நீங்களும் விட வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் என்றைக்குச் சொல்வது என மனசுக்குள் நாள் பார்த்துக்கொண்டிருப்போம்.

சொந்த ஊர் கோயம்புத்தூர். மார்மன் என்று உலகம் அழைக்கிற பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு எங்கள் ஊரில் பலரும் நினைப்பதைவிடப் பழைய வேர் உண்டு. எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி எழுதியே சபையை அறிந்து, 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். என் அப்பா அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவர். நான் சபைக்குள்ளேயே பிறந்தவன். ஆண்கள் 18 வயதிலேயே ஊழியத்துக்குப் போகலாம் என்று 2012-ல் விதி தளர்ந்திருந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு விண்ணப்பித்தேன். பெங்களூரு மிஷன் என்று அழைப்பு வந்தது. இரண்டு வருடம், சம்பளம் கிடையாது. மாமாக்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டை. காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்க வேண்டும். சினிமா இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. வீட்டுக்கு வாரம் ஒருமுறை போன் பேசலாம் என்ற சலுகையே 2019 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் மின்னஞ்சல்தான், குரல் கேட்பது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் குடும்பப் பெயரைச் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? என் பட்டையில் அப்பாவின் பெயர் ஏறிவிட்டது. பெங்களூரில் ஊரே என்னை அப்பாவின் பெயர் சொல்லி அழைத்தது.

தனியாக எங்கும் போக முடியாது. எப்போதும் இருவர். என் துணைவன் ராஜமுந்திரிக்காரன், தெலுங்கும் ஆங்கிலமும் பேசுவான். என்னோடு இருந்தே தமிழ் கற்றுக்கொண்டவன் என்பதால், பாட்டிகளிடம்கூட "என்னடா சமாச்சாரம்" என்பான். அவர்கள் கோபித்துக்கொண்டதே இல்லை.

முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை நாங்கள் தட்டியதில்லை. அமெரிக்காவில் செய்வார்களாம், இங்கே அது சரிப்படாது. சபை உறுப்பினர் ஒருவர் தன் அண்டை வீட்டாரையோ உடன் வேலை செய்பவரையோ அறிமுகப்படுத்தினால் மட்டுமே போவோம். 2004-ல் வந்த கையேடு ஒன்றுதான் எங்களுக்குப் பாடப்புத்தகம். முதல் பாடம் 1820-ல் தொடங்கும். நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊர்ப்பக்கம், எந்தச் சபையில் சேர்வது என்று குழம்பிய 14 வயதுப் பையன் ஒரு தோப்புக்குள் போய் முழங்காலிடுகிறான். இந்தக் கதையைத் தமிழில் நான் நன்றாகச் சொல்வேன் என்று எனக்கே ஒரு பெருமை இருந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மார்மன் புஸ்தகத்தைப் படிப்பீர்களா, ஜெபம் செய்வீர்களா, இன்ன தேதியில் ஞானஸ்நானம் பெறுவீர்களா? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், மௌனம் எவ்வளவு நீண்டாலும் நாம் நிரப்பக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். இருபது வயதில் அந்த மௌனத்தில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பிற்காலத்தில் எந்த நேர்முகத் தேர்வும் பயமாக இருக்காது.

எங்களைக் கிறிஸ்தவர் அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களே. லிங்கராஜபுரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே தாத்தா, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, "வெளிப்படுத்தின விசேஷம் கடைசி அதிகாரம் வாசிச்சிருக்கியா தம்பி? இதோட எதையும் கூட்டாதேன்னு இருக்குல்ல? நீ இன்னொரு புஸ்தகத்தைத் தூக்கிட்டு வர்றே" என்பார். அந்த வசனம் அந்த ஒரு புஸ்தகத்தைப் பற்றியது, உபாகமத்திலும் அப்படி ஒரு வசனம் உண்டு என்று நான் சொல்வேன். அவர் விடமாட்டார். நானும் விடமாட்டேன். பிறகு அவர் மருமகள் முறுக்கு கொண்டுவந்து வைப்பாள், மூவரும் தின்போம். அவரை மாற்ற முடியும் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணவில்லை. இருந்தும் போய்க்கொண்டே இருந்தோம். வாராந்திர அறிக்கையில் அந்தச் சந்திப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் குழப்பம்.

உண்மையிலேயே கேட்டவர்கள் வேறு. ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஆட்டோ அண்ணன். குடியை விட வேண்டும் என்று மனைவி இழுத்துக்கொண்டு வந்தவர். கார்மெண்ட்ஸில் டெய்லராக இருந்த ஓர் அக்கா. மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம் இருந்து வளர்ந்தவர், கணவர் இல்லை, பள்ளியில் படிக்கும் மகன் ஒருவன். கட்டட வேலைக்குத் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தம்பதி. தகரக் கொட்டகையில் இருந்தார்கள், பாடம் நடக்கும்போது அந்தப் பெண் கைப்பிள்ளையை எங்களிடம் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிப்பாள். இவர்களிடம் எங்கள் பாடம், எதையாவது விடச் சொல்வதாகவே இருந்தது. காபியை விடுங்கள், குடியை விடுங்கள், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுங்கள், மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளைச் சோற்றை விட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்கு உபவாசக் காணிக்கையாகக் கொடுங்கள். விட்டால் ஆசீர்வாதம் வரும் என்று நாங்கள் நம்பினோம். எனக்கு அது வந்ததும் உண்டு. ஆனால் என் வீட்டில் விடுவதற்கு என்று முதலில் ஏதோ இருந்தது.

2020 மார்ச் 12. கலபுரகியில் இறந்த முதியவருக்கு இருந்தது கொரோனாதான் என்று உறுதியான நாள். அதே நாளில் உலகம் முழுக்க எங்கள் சபைக் கூடுகைகள் எல்லாவற்றையும் சால்ட்லேக் தலைமையகம் நிறுத்திவைத்தது. அப்போது ஊழியத்தில் இருந்தவர்கள் உலகெங்கும் சுமார் 67,000 பேர். அயல்நாடுகளில் இருந்தவர்களை அவரவர் நாட்டுக்குத் திருப்புவது தொடங்கியது. நாங்கள் இந்தியர்கள், அறையிலேயே இருங்கள் என்று உத்தரவு. 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பிரதமர் சொன்னபடி தெருவே தட்டைத் தட்டியது, நாங்களும் தட்டினோம். 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு.

ஊழியம் போனுக்குள் போனது. காலையில் படிப்பு, பிறகு பட்டியலில் உள்ளவர்களை வரிசையாகக் கூப்பிடுவது. ஞாயிறு திருவிருந்தை நாங்கள் இருவரே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் துணி விரித்து நடத்தினோம். எங்கள் சபையில் ரொட்டியும் தண்ணீரும்தான். பிரெட் கிடைக்காத ஞாயிறு சப்பாத்தியைப் பிட்டு ஆசீர்வதித்தோம். அவன் ஜெபம் சொல்ல, நான் ஆமென் சொல்ல, பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தட்டை நீட்டிக்கொள்வோம்.

மார்ச் 29 ஞாயிறன்று உலகம் முழுக்க உபவாசம் இருக்கும்படி சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் அழைத்திருந்தார். நோய் தணிய வேண்டும் என்று. எங்களிடம் பாடம் கேட்பவர்களையும் அழைக்கச் சொன்னார்கள். டெய்லர் அக்காவைக் கூப்பிட்டேன். தொழிற்சாலை மூடியாகிவிட்டது, ஏப்ரல் சம்பளம் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, கையேட்டில் உள்ளபடி, உபவாசம் என்றால் என்ன, ஏன் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மட்டுமா தம்பி?"

ஆமாங்க்கா என்றேன்.

"நான் கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. வீட்ல சோறு இருந்து, அதைத் தொடாம இருந்தாத்தான் விரதம். நான் அம்மனுக்கு இருந்திருக்கேன், எனக்குத் தெரியும். இப்ப நான் ரெண்டு வேளை சாப்பிடல. அதுக்குச் சாமிகிட்ட என்ன கேக்கறது?"

கேள்விக்குப் பிறகு மௌனமாக இருக்கப் பழகியவர்கள் நாங்கள். இந்த முறை கேள்வி அந்தப் பக்கமிருந்து வந்தது. ராஜமுந்திரிக்காரன்தான் கடைசியில், "அக்கா, அரிசி எவ்வளவு இருக்கு?" என்றான். ஒரு படி. பிஷப்புக்குச் சொன்னோம். எங்கள் சபையில் பிஷப் என்றால் சம்பளமில்லாத, வேறு வேலை பார்க்கிற சாதாரண மனிதர். அவர் எப்படியோ பாஸ் வாங்கி, உபவாசக் காணிக்கைப் பணத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். யாரோ விட்ட இரண்டு வேளைச் சோறு அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. என்றாலும் நானும் அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது ஒரே காரியம் இல்லை.

ஏப்ரல் 5 இரவு நடந்ததை இன்றும் சிரிக்காமல் சொல்ல முடியாது. ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிடம், பிரதமர் கேட்டுக்கொண்டபடி நாடே விளக்கேற்றியது. அரை மணி கழித்து, நம் நேரம் ஒன்பதரைக்கு, பார்வையாளர் இல்லாத அறையிலிருந்து சபையின் பொது மாநாடு ஒளிபரப்பானது; அந்தத் தோப்பில் ஜோசப் ஸ்மித் கண்ட தரிசனத்துக்கு 200-ஆம் ஆண்டு. அதில் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி ஓசன்னா என்று முழங்குகிற சடங்கு உண்டு. ஜன்னலோரம் நின்று இரண்டு பேரும் ஆட்டி முழங்கினோம். எதிர் மொட்டைமாடியில் இன்னும் அகல் வைத்துக்கொண்டு நின்றிருந்த குடும்பம் எங்களைப் பார்த்து, இதுவும் பிரதமர் சொன்னதுதான் போல என்று நினைத்ததோ என்னவோ, அந்த வீட்டுப் பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்துத் திருப்பி ஆட்டினார்.

ஆட்டோ அண்ணனுக்கு வருகிறேன். மதுக்கடைகள் மூடிய மூன்றாவது நாளோ நான்காவது நாளோ அவர் மனைவி அழைத்தார். கை நடுங்குகிறது, தூக்கமில்லை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், ஜெபம் பண்ணுங்கள் என்று அழுதார். பண்ணினோம். பிறகு சபையில் நர்ஸாக இருந்த ஒரு சகோதரியைக் கேட்டோம். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், உயிருக்கே ஆபத்து, உடனே நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்று அதட்டினார். போனார்கள். ஊசி, மாத்திரை, நல்ல தூக்கம். இரண்டு வாரத்தில் மனிதர் தெளிந்து, காலையில் அவரே எங்களைக் கூப்பிட்டு மார்மன் புஸ்தகத்தில் ஓர் அதிகாரம் வாசித்துக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார். எங்கள் அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே ஞானஸ்நானத் தேதி குறித்துவிட்டோம்.

மே 4, திங்கள். கர்நாடகத்தில் மதுக்கடைகள் திறந்தன, காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை. ஒன்பதுக்கு முன்பே அண்ணன் போன் செய்தார். "எல்டர், கடை தொறக்கறாங்க. தெருவே அங்கதான் நிக்குது. நான் வீட்டுக்குள்ளதான் இருக்கேன். எதையாச்சும் பேசிக்கிட்டே இருங்க."

பேசினோம். வேதம் சீக்கிரமே தீர்ந்துபோனது. ஆட்டோவுக்கு எந்த கேஸ் கிட் நல்லது, சில்க் போர்டு சிக்னலில் நிற்பதைவிட எந்தச் சந்து வழியாகப் போகலாம், கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது தமிழர்கள் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள், எல்லாம் பேசினோம். விதிகளுக்குப் புறம்பாக ரஜினி படக் கதை இரண்டு கேட்டோம். சார்ஜ் தீரத் தீர போனை மாற்றிக்கொண்டோம். ஏழு மணி அடித்ததும் அண்ணன் "முடிஞ்சுது" என்றார். அவர் மனைவி பின்னாலிருந்து என்னவோ கத்திச் சிரித்தார். அன்று மட்டும் மாநிலத்தில் 45 கோடி ரூபாய்க்கு விற்றதாகச் செய்தி.

மறுநாள் விற்பனை 197 கோடி. அதில் ஒரு குவார்ட்டர் எங்கள் அண்ணனுடையது.

அவரே சொன்னார், மறைக்கவில்லை. "கடை மூடியிருந்தப்ப நான் விட்டேன்னு நினைச்சேன் எல்டர். அது விட்டதில்ல. கிடைக்கல, அவ்வளவுதான். நேத்து ஒருநாள்தான் நான் விட்டது." ஞானஸ்நானத் தேதியை எடுத்துவிட்டோம். அந்த ஒருநாளை எழுத அறிக்கையில் கட்டமே இல்லை.

அதே வாரம்தான் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் ரயில்கள் வேண்டாம் என்று மாநில அரசு ரயில்வேக்கு எழுதியது. கட்டுமான முதலாளிகளைச் சந்தித்த பிறகு வந்த முடிவு. எதிர்ப்பு கிளம்பி, இரண்டு நாளில் திரும்ப ரயில் கேட்டார்கள். திருவண்ணாமலைத் தம்பதி எதற்கும் காத்திருக்கவில்லை; கைப்பிள்ளையோடு ஓசூர் சாலையில் நடந்துவிட்டார்கள். அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியிலிருந்து போன் வந்தது. விடமாட்டேங்கறாங்க, ஜெபம் பண்ணுங்க என்று. பின்னணியில் போலீஸ்காரர் கன்னடத்தில் விரட்டுகிற சத்தம். பாதி ஜெபத்தில் இணைப்பு அறுந்தது. ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஜூனில்தான் அறிந்தோம். அதன் பிறகு அந்த எண் வேறு யாரிடமோ போய்விட்டது.

என் இரண்டு வருடம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் முடிந்தது. 2018-ல் அறிவித்த பெங்களூரு ஆலயத்துக்கு டிசம்பர் 2 அன்று அடிக்கல் நாட்டினார்கள், கூட்டமில்லாமல். நான் அப்போது கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சடங்குகூடக் கணினித் திரையில்தான் நடந்தது.

பொங்கலுக்கு டெய்லர் அக்கா அழைத்தார். வேறு கார்மெண்ட்ஸில் சேர்ந்துவிட்டார், மகனுக்குப் பள்ளி ஆன்லைனில். ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. புது எல்டர்கள் பேசுகிறார்களாம், ஞாயிறு கூட்டத்தைப் போனில் பார்க்கிறாராம், முதல் ஞாயிறு உபவாசம் மட்டும் தவறுவதில்லையாம்.

"இப்ப வீட்ல அரிசி இருக்கு தம்பி, அதான்" என்றார். பிறகு, "ஆமா, நீங்க இப்ப எல்டர் இல்லையாமே. அப்ப உங்களை என்னன்னு கூப்பிடறது? அது உங்க அப்பா பேருன்னு புதுப் பையன் சொல்றான். உங்க பேரு என்ன?"

சொன்னேன்.

"எங்க அண்ணன் பேரும் அதேதான்" என்றார். "சரி, பம்பு கம்பெனில டெய்லர் வேலை ஏதாச்சும் இருக்குமா? இங்க ஓவர்டைம் காசை ரெண்டு மாசமா இழுத்தடிக்கறாங்க."