பால்மரச் சாலையில் ஒரு கனடாக் கேள்வி

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போக இப்போது பெரும்பாலோர் பழைய சாலையைத் தேடுவதில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனாலும் போன மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பழைய சாலையில்தான் போனோம். அம்மா அப்படித்தான் கேட்டுக்கொண்டார். அவருக்கு 76 வயது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பின் இருக்கையில் என் மகள். பொறியியல் படித்தவள். வேலைக்காகக் கனடா போகிறாள். போவதற்குள் பாட்டி வாழ்ந்த தோட்டத்தையும், கோலகங்சாரில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

புந்தோங்கில் நிறுத்திக் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டோம். முறுக்கும் கடலையும் பட்டாணியும் வறுபடும் அந்த வாசனை இல்லாமல் ஈப்போக்காரர்களுக்குப் பயணம் தொடங்காது. தாசேக் தாண்டியதும் சாலை வடக்கே நீள்கிறது. சுண்ணாம்புக்கல் குன்றுகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கின்றன. நடுவில் பழைய ஈய லம்பக் குளங்கள், செம்பனைகள், புதிய தாமான்கள்.

செம்மோர் பக்கம் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். எங்களுடையது ஹைபிரிட் கார். குழாய் ‘டக்’கென்று நின்றதும் மூடியைத் திருகினேன். அப்போதுதான் மகள் சொன்னாள்: “அங்கே ஒருத்தங்க பழைய ஹைபிரிட் ஒண்ணு விக்கிறாங்கம்மா. ஆனா அந்த மாடல்ல குளிர் காலத்துல எண்ணெய் முழுசா நிறையாதாம்.”

அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “ஏன், தொட்டிக்குள்ள ரப்பர் பை வச்சிருக்காங்களா?”

மகள் வாயடைத்துப் போனாள். ஏறக்குறைய அதுதான் உண்மை.

தொட்டிக்குள் ஒரு பை

பெட்ரோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றில் கலக்கக் கூடாது என்பது அமெரிக்காவின், குறிப்பாகக் கலிஃபோர்னியாவின், கண்டிப்பான சட்டம். சாதாரணக் காரில் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய ஒரு டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். இயந்திரம் ஓடும்போது அதை உறிஞ்சி எரித்துவிடும். ஹைபிரிட் காரிலோ இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுகிறது. உறிஞ்சி எரிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் ஆவி உண்டாவதையே குறைக்க வேண்டியிருந்தது.

வட அமெரிக்காவில் விற்ற முதல் இரண்டு தலைமுறை டொயோட்டா பிரியஸ் கார்களில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். இரும்புத் தொட்டிக்குள் மடங்கி விரியும் செயற்கைப் பிசின் பை ஒன்றை வைத்தார்கள். எண்ணெய் ஊற்ற ஊற்றப் பை விரியும். எண்ணெய் குறையக் குறையச் சுருங்கும். மேலே வெற்றிடம் இல்லாததால் ஆவிக்கு இடமில்லை. நல்ல யோசனைதான். ஆனால் குளிரில் பை விறைத்துவிடுகிறது. முழுதாக விரிய மறுக்கிறது. தொட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்து எண்ணெய்க் குழாய் முன்கூட்டியே நின்றுவிடுகிறது. தொட்டியின் கொள்ளளவு 45 லிட்டர். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் அதில் சுமார் 5 லிட்டர் குறைந்துவிடும். 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் இந்தப் பையையே எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் ஹைபிரிட் கார்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். 2011 முதல் 2013 வரை அரசாங்கம் வரிவிலக்குக் கொடுத்தபோது ஈப்போச் சாலைகளிலும் அவை சாதாரணமாயின. பேராக்கில் பை இருந்திருந்தாலும் சிக்கல் வந்திருக்காது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினாலும் இரவில் 15 டிகிரியை ஒட்டித்தான் குளிர். நமக்குக் கம்பளி தேவைப்படும். தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

“உனக்கு எப்படிப் பாட்டி தெரியும்?” என்றாள் மகள்.

“ஐஸ்பெட்டியில மீன் பொட்டலத்துக்குப் போட்ட ரப்பர் வளையத்த எடுத்துப் பாரு. வெறச்சுக் கெடக்கும். முப்பது வருஷம் அந்தப் பாலோட பொழங்குனவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

விடியுமுன் வெட்டு

சுங்கை சிப்புட் நகரத்துக்குள் நுழைந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மலேசிய வரலாற்றில் இந்தச் சிறிய ஊருக்குப் பெரிய இடம் உண்டு. 1948 ஜூன் 16-இல் இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. துன் வீ.தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பாட்டாளிகள் தெருவில் நிற்கக் கூடாது என்று, அவர்களிடமே மாதம் பத்து வெள்ளி சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்.

அம்மாவின் தோட்டம் கூட்டுறவுக்கு வரவில்லை. கைமாறி, செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டன. நாங்கள் உள்ளே போன மண்சாலையில் மிஞ்சியிருந்தது ஒரு மாரியம்மன் கோயில் மட்டும். மற்ற எல்லாம் செம்பனை வரிசை. அம்மா மட்டும் ஒவ்வோர் இடமாகக் கை காட்டிக்கொண்டே நடந்தார். இங்கே பெரட்டுக்களம். அங்கே ஸ்டோர். அந்த மேட்டில் கிராணி வீடு. இதோ, இந்தப் பனைக்குப் பக்கத்தில்தான் நீ பிறந்த லயம்.

நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குச் சோறு வைத்துவிட்டு, பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவாராம். “இருட்டுல ஏன் பாட்டி வெட்டணும்? விடிஞ்சு போனா ஆகாதா?” என்று கேட்டாள் மகள்.

“குளுகுளுன்னு இருக்கையில வெட்டுனாத்தான் பால் நல்லா ஓடும். வெயிலு ஏறிட்டா நின்னுபோவும்.”

இதற்கு விளக்கம் இருக்கிறது. மரப்பட்டைக்குள் பால் ஓடும் மெல்லிய குழாய்கள் உண்டு. இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு. அதனால் விடியுமுன் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், மங்கில் விழும் பால் குறையும். பாலின் எடைக்கும் கூலி உண்டு. ஆகவே அந்த ஒரு மணி நேரக் குளிர்ச்சிதான் அன்றைய அரிசி. மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

குளிர் நாட்டுக்குப் போன பால்

கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே அந்த மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகள் ஆசியாவுக்கு அனுப்பப்பட்டன. 1877-இல் அவற்றில் 9 நாற்றுகள் கோலகங்சாரில், பேராக் ரெசிடென்ட் ஹியூ லோவின் இடத்தில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

இந்த மரத்தின் வழிவந்த பால் ஷீட்டாகி, புகைக்கூடத்தில் உலர்ந்து, கட்டுக்கட்டாகக் கப்பலேறியது. அங்கேயும் குளிர் அதை விடவில்லை. பனிக்காலத்தில் வடநாட்டுக் கிடங்குகளில் கிடந்த கச்சா ரப்பர் பலகை போல் இறுகிவிடும். அதைச் சூடான அறையில் நாள்கணக்கில் வைத்து இளக்கிய பிறகுதான் ஆலையில் அரைக்க முடியும். அதற்கும் முன்பு, 1820-களில் மேக்கின்டாஷ் செய்த ரப்பர் மழைக்கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைத்தன. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்த பிறகே ரப்பர் ஓரளவு நிலைக்கு வந்தது.

ஆனாலும் குளிர் முழுதாகத் தோற்கவில்லை. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்கு, குளிரில் நெகிழ்வை இழந்த ஒரு செயற்கை ரப்பர் வளையம் காரணமாயிற்று. விசாரணையில் அறிவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் முக்கி எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அம்மாவின் ஐஸ்பெட்டி வளையமும் அதே பாடம்தான் என்று மகள் சொன்னபோது அம்மா கவனிக்கவில்லை. மரத்தின் முன்னால் இருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

“மரத்துக்குப் பேர் எழுதி வச்சிருக்காங்க. வெட்டுனவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. மகள் கைப்பேசியை எடுத்தாள். பாட்டி வேலை செய்த தோட்டம், நிரை, தண்டல், கூடவே வெட்டிய பெண்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்தாள். அரை மணி நேரம் ஓடிற்று. பத்தொன்பது பெண்களின் பெயர்கள் வந்தன.

பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு

கனடா, அமெரிக்கா போகும் பிள்ளைகள் பழைய ஹைபிரிட் வாங்கினால் கவனிக்க வேண்டியவை சில. அது எந்த ஆண்டுக் கார், தொட்டிக்குள் பை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பை உள்ள காரில் குழாய் தானாக நின்ற பிறகு மேலும் அழுத்தி ஊற்றக் கூடாது. எண்ணெய் ஆவிக் குழாய்க்குள் போய்விடும். கடுங்குளிரில் காரைச் சூடாக்குவதற்கே இயந்திரம் அதிக நேரம் ஓடுவதால், ஒரு லிட்டருக்குப் போகும் தூரமும் குறையும். தொட்டியிலும் குறைவு, ஓட்டத்திலும் குறைவு. பனிப்பாதையில் நடுவழியில் நின்றுபோகாதிருக்க, முள்ளை மட்டும் நம்பாமல் ஓடிய கிலோமீட்டரைக் கணக்கு வைத்து, பாதித் தொட்டியிலேயே எண்ணெய் போட்டுக்கொள்வது நல்லது.

இந்தப் பாதையில் போக விரும்புவோர் ஈப்போவிலிருந்து காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். காராயில் பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ரயில் பாலத்தையும், கோலகங்சாரில் உபுடியா பள்ளிவாசலையும், ஆற்றோரக் கடைகளில் லக்சாவையும் விட்டுவிடாதீர்கள். முடிந்தால், தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். லயம் எங்கே இருந்தது, பெரட்டுக்களம் எங்கே இருந்தது என்று செம்பனைக்கு நடுவில் கை காட்ட இன்றைக்கு அவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்துப் போனால் யாரைக் கேட்பது?