உடம்புக்குப் பின்னால் ஒரு வீடு

“கொழுகொழுவென்று இருக்கிறாள், மாஷா அல்லாஹ்!” சிறு வயதில் என்னைக் கண்ட உறவினர்கள் இப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு 13 வயதானதும் அதே உறவினர்கள், “கொஞ்சம் குறைத்துச் சாப்பிடு மகள்” என்கிறார்கள். அன்று வசதியின் அடையாளமாக இருந்த உடம்பு, இன்று என் குற்றமாகிவிட்டது.

1989இல் சோபல், ஸ்டங்கார்ட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். செல்வந்த நாடுகளில் ஏழைப் பெண்களிடையே பருமன் கூடுதல். வளர்முக நாடுகளிலோ வசதி படைத்தவர்களிடையே கூடுதல். ஆக, பருமனுக்கும் பணத்துக்கும் தொடர்பு உண்டு. அது இடத்துக்கு இடம் மாறுகிறது.

என் வீட்டையே பார்க்கிறேன். வீட்டு வாசலில் வேனில் ஏறினால் பாடசாலை வாசலில்தான் இறங்குவேன். பின்னேரம் டியூஷன். இடையில் பசித்தால் ரோல்ஸும் குளிர்பானமும் வாங்க வாப்பா காசு தருவார். பாசத்தில் தருவதுதான்.

என் பக்கத்தில் இருக்கும் தோழி பஸ்ஸில் வந்து, மிச்சத் தூரம் நடக்கிறாள். அவளுடைய உம்மா உடுப்புத் தைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார். 2022இல் விலைவாசி ஏறியபின் மீனும் முட்டையும் பழமும் அவர்கள் வீட்டில் குறைந்து, பாணும் நூடில்ஸும் சீனி போட்ட பிளேன்டீயும் கூடிவிட்டன. வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது கிடைப்பதில்லை. என்னைக் ‘குண்டு’ என்பவர்கள் அவளை ‘ஈர்க்கு’ என்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பயந்து இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காத பிள்ளைகளும் வகுப்பில் உண்டு.

எங்கள் இருவருக்கும் பொதுவான குறை ஒன்று: ஓடி விளையாட இடமில்லை. பெரிய பிள்ளையானதும், “இனி என்ன ஓட்டம்?” என்று கேட்கிறார்கள். எங்கள் வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெற்றோரே, ஆசிரியர்களே! குளிர்பானப் போத்தலில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருக்கிறது. வாங்குமுன் அதைப் பாருங்கள். உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். மதில் சூழ்ந்த எங்கள் மைதானத்தைப் பின்னேரத்தில் ஒரு மணிநேரம் திறந்துவிடுங்கள். வேனில் வருபவளும் நடந்து வருபவளும் அங்கே சேர்ந்து ஓடலாம். அதற்குக் காசு வேண்டியதில்லை.