ஓரம் வெட்டின காட்

ஹட்டனில் மழை பிடிச்சா கிரவுண்ட் பக்கம் போக முடியாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்க ஏழு பேர் ஒரு லப்டொப்பைச் சுத்தி உக்காந்து ஒரு குறும் ஆவணப்படம் பாத்தோம். 2013இல் ஈஎஸ்பிஎன் வெளியிட்ட 'ஹோலி கிரெயில்'. ஒரு பேஸ்போல் காட்டைப் பத்தின படம். எங்களில் ஒருத்தருக்கும் பேஸ்போல் தெரியாது. ஆனா காட் தெரியும். சின்ன வயசுல ட்ரம்ப் காட்டுக்காகச் சண்டை போட்டு மண்டை உடைஞ்சவன் ஒருத்தன் எங்க கூடவே இருக்கான்.

ஹோனஸ் வாக்னர், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ஆட்டக்காரர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி சிகரெட் பக்கெட்டுக்குள்ள ஆட்டக்காரர்களின் படம் போட்ட காட்டுகளை வைத்து வித்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம்தான் பெருசு. வாக்னரின் காட் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் காட்டுக்காக சிகரெட் வாங்கக் கூடாதுன்னு அவரே தடுத்தார் என்பது ஒரு கதை. காசு தரவில்லை என்று மறுத்தார் என்பது இன்னொன்று. எப்படியோ, மிஞ்சியது ஐம்பது அறுபது காட்டுகள்தான்.

அதில் ஒன்று மட்டும் நேற்று அச்சடிச்ச மாதிரி கூர்மையான மூலைகளோடு இருந்தது. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 25,000 டொலருக்கு வாங்கினார். 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 451,000 டொலர் கொடுத்தார்கள். காட்டுகளைத் தரம் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற கம்பனி பத்துக்கு எட்டு போட்டு, பிளாஸ்டிக்கில் அடைத்து முத்திரை வைத்தது. 2007இல் விலை 28 இலட்சம் டொலர். ஆறு வருஷம் கழித்து மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: விக்கிறதுக்கு முன்னால அதன் ஓரத்தை வெட்டியது நான்தான். வேறு ஏல மோசடிகளும் சேர்ந்து 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதில் எங்களுக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. வெட்டினது தெரிஞ்ச பிறகும் அந்தக் காட் குப்பைக்குப் போகவில்லை. இன்னும் உலகத்துலயே பேர்போன காட் அதுதான். நாங்களும் ஒரு தடவை முரளியின் காட்டில் கசங்கின மூலையைக் கத்தரிக்கோலால் சரி பண்ணினோம். அடுத்த நாளே பள்ளிக்கூடத்தில் "இது கள்ளக் காட்டுடா"ன்னு ஒதுக்கிட்டானுங்க. ரெண்டு சாதாரணக் காட்டுக்குக் கூட அதை மாத்த முடியல.

படம் நல்லாத்தான் இருக்கு. ஒரு குறை: காட்டைப் பற்றி அவ்வளவு பேசுகிறது, மனுஷனைப் பற்றிக் கொஞ்சம்தான். வாக்னர் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டு அப்பாவோடு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர் என்பதை நாங்கள் பிறகு தேடித்தான் வாசித்தோம். வெளியூரிலிருந்து வந்த குடும்பம், வயசுக்கு முன்னால வேலை. எங்க தாத்தாமாருக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

படம் முடிஞ்சதும் எங்களில் ஒருத்தி அவள் தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்துல பலரிடம் அது இல்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. தாத்தா இலங்கைப் பக்கம். அந்தக் குடியுரிமைக் கடதாசி லயத்து ஒழுக்கிலும் அடுப்புப் புகையிலும் பல வருஷம் கிடந்தது. இனியும் கெட்டுப்போகக் கூடாதுன்னு தாத்தா டவுனுக்குக் கொண்டுபோய் லெமினேட் பண்ணிட்டார்.

பிறகு ஒரு தேவைக்கு அதைக் கொண்டுபோனபோது கவுண்டரில் இருந்தவர் திருப்பித் தள்ளினார். "லெமினேட் பண்ணினத எடுக்க மாட்டோம். இது ஒரிஜினலான்னு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அங்கே பிளாஸ்டிக்கில் அடைத்ததும் விலை ஏறியது. இங்கே பிளாஸ்டிக்கில் அடைத்ததும் சந்தேகம் வந்தது. அந்தக் காட்டைப் பார்த்து 'சுத்தமா இருக்கு' என்றவர்கள் ஏன் இவ்வளவு சுத்தம்னு ரொம்ப நாள் கேக்கல. எங்க கடதாசியைப் பாத்தா கேள்வி மட்டும்தான் முதல்ல வருது. 2003இல் மிச்சப்பேருக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகல.

அன்னைக்கு ராத்திரி அவள் தாத்தாவுக்கு அந்தக் காட்டின் கதையைச் சொல்லியிருக்கிறாள். மாஸ்ட்ரோ ஓரத்தை வெட்டின இடத்துல தாத்தா சிரிச்சாராம். "நம்ம கடதாசி ஓரமும் பிஞ்சி தொங்குச்சி புள்ள. நாந்தான் கடக்காரத் தம்பிகிட்ட வெட்டிட்டு ஒட்டுப்பான்னு சொன்னேன்."

பிரதி எடுக்க எட்டு மாதம் ஆனது. பழையதும் பெட்டியில்தான் இருக்கிறது, புதுசுக்கு அடியில்.