சீற்றமா, அச்சமா?

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, விளாங்குடியில் உள்ள நமது பங்கு இல்லத்தின் வாசலில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்து நின்றான். அவன் கையிலிருந்த கண்ணாடி ஜாடிக்குள் ஓர் இளஞ்சாரை சுருண்டு கிடந்தது.

“கண்மாய்க் கரையில பிடிச்சேன் சாமி. வளர்க்கலாம்னு ஆசை. ஆனா ரொம்பக் கோபக்காரப் பாம்பு. கிட்டப் போனாலே சீறுது. எலி போட்டாலும் தொடமாட்டேங்குது” என்றான்.

கண்ணாடியில் முட்டி முட்டி அதன் மூக்கு நுனி புண்ணாகியிருந்தது. நாம் குனிந்து பார்த்ததும் கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி, உறுமுவது போன்ற ஓசையுடன் பாய்ந்தது. நாமும் ஓரடி பின்வாங்கினோம். சாரைக்கு நஞ்சில்லை என்று அறிந்திருந்தும் நம் உடல் அஞ்சியது. அஞ்சிய இருவரில் அதிகம் அஞ்சியது யார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

பல ஆண்டுகளுக்கு முன் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து, நச்சுமுறிவு மருந்து தயாரிக்க அளிக்கின்றனர். அங்கே பாம்புகள் வாய் கட்டிய மண்பானைகளுக்குள் இருந்தன. இருளும் குளிர்ச்சியும் ஒடுங்கிக்கொள்ள இடமும் கிடைத்தால் பாம்பு அமைதியடைகிறது. சில வாரங்களில் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்த இருளர் மக்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாம்பின் நஞ்சு இரையை வீழ்த்த ஏற்பட்டது. விழுங்க முடியாத மனிதன்மேல் அதைச் செலவிட்டுப் பாம்புக்கு ஆவதொன்றுமில்லை. ஆகவே முதலில் ஓடப் பார்க்கும், ஒளியப் பார்க்கும், வழியில்லாதபோது எச்சரிக்கும். நல்லபாம்பு படமெடுப்பது அதனால்தான். சில நேரம் வாயை மூடியபடியே முட்டி மிரட்டும். சுருட்டைவிரியன் செதில்களை உரசி ஓசை எழுப்பும். மண்ணுளிப் பாம்பு தலையை உடற்சுருளுக்குள் மறைத்துக்கொள்ளும். மேலைநாட்டார் வீடுகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று பந்தாகவே சுருண்டுவிடும். கடி என்பது கடைசி மொழி. நாமோ முதல் மொழிகளைக் கேட்பதில்லை.

இதனால் பாம்புக்கடியை எளிதாக எண்ணலாகாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கடிபட்டால் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், அரசு மருத்துவமனைக்கு உடனே விரைய வேண்டும்.

மால்டா தீவில் புனித பவுல் சுள்ளிகளை நெருப்பிலிட்டபோது விரியன் ஒன்று அவர் கையைப் பற்றிய நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் நூலில் உண்டு. அது வெளிவந்தது அனலின் பொருட்டே. கண்டவர்களோ அவரை முதலில் கொலைகாரர் என்றனர். பிறகு தெய்வம் என்றனர். பாம்பு சூட்டுக்குத் தப்பி வந்தது என்று எவருக்கும் தோன்றவில்லை.

இவற்றைச் சொல்லி, “தம்பி, இது கோபமில்லை, பயம். ஜாடிக்குள் ஒளிய இடமில்லை. நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது” என்றோம்.

அவன் நெடுநேரம் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: “அப்பாவும் பயத்துலதான் கத்துறாரா சாமி?”

நம்மிடம் உடனே விடையில்லை. அவன் தந்தைக்கு மில் வேலை போய் ஓராண்டாகியிருந்தது. வீட்டில் ஓயாத கூச்சல் என்று முறையீடு வந்தபோது, நாம் அவரை அன்பியக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கண்டித்தோம். அவர் நம்மீதும் சீறிவிட்டுப் போனார். அதன்பின் கோவில் படியேறவில்லை. அவரை முரடர் என்று நாம் முடிவு செய்திருந்தோம். ஒதுங்க ஓரிடமும் இல்லாமல் கண்ணாடிக்குள் நிறுத்தியவர் நாமே என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் சாரையை வனத்துறையினரிடம் ஒப்படைத்தோம். அன்று மாலை அவர் வீட்டுக்குத் தனியே சென்றோம். கதவைத் திறந்தவர் குரலை உயர்த்தினார். நாம் மறுமொழி கூறாமல், “அன்றைக்கு நான் பேசியது தவறு” என்று மட்டும் சொல்லித் திண்ணையில் சற்றுத் தள்ளி அமர்ந்தோம். வெகுநேரம் கழித்து அவரும் வந்து அமர்ந்தார். கடனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவர் இன்னும் கோவிலுக்கு வரவில்லை. வீட்டில் கூச்சல் குறைந்திருக்கிறது என்று மகன் சொல்கிறான். நம் இல்லங்களிலும் பங்குகளிலும் எவரேனும் சீறும்போது, கம்பைத் தேடுமுன் ஓரடி பின்வாங்கி, அவருக்கு ஒதுங்க இடமிருக்கிறதா என்று பார்ப்போமா?