நான்காம் துளை

சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பதினான்கு வயதுடைய எமது பேரன், தான் சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாங்கிய மவுத் ஓர்கன் ஒன்றை எடுத்துக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கியிருக்கும் எமது வீட்டுக்கு வந்தான். பளபளக்கும் நெடிய கருவி. மேலும் கீழுமாக இரு வரிசைத் துளைகள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைக் கேட்டு அதில் மனம் பறிகொடுத்தவன் அவன். அவர்களுடைய வாசிப்பில் சுரம் குழைந்து கீழிறங்குவதைப் போலத் தானும் இறக்கிப் பார்க்க மூன்று வாரமாக முயன்றிருக்கிறான், கைகூடவில்லை. முகம் சிவக்க ஊதிக் காட்டிவிட்டு, "என்ன அம்மப்பா, இது வளையுதே இல்லை. எனக்குத்தான் ஏலாதோ?" என்று கேட்டான்.

ஏலாமை அவனுடையதன்று, கருவியினுடையது என்பதை நாம் அறிவோம். அறிந்த விதத்தைச் சொல்வதாயின், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். அன்று பேரனிடம் சொன்னோம். இன்று வாசகர்களிடமும் சொல்லுகிறோம்.

எமது பெரியப்பா பிரித்தானியக் கடற்படையின் கப்பற்பட்டறையில் வேலை செய்தவர். 1957ஆம் ஆண்டில் அக்கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு வெள்ளையர் கப்பலேறியபோது, அவருடைய வேலையும் அத்துடன் முடிந்தது. அவருக்கு எஞ்சியவை மூன்று: ஒரு நற்சான்றுக் கடிதம், இரண்டு காக்கிக் காற்சட்டைகள், மாலுமி ஒருவர் விடைபெறும்போது கையில் வைத்துப்போன பத்துத் துளை மவுத் ஓர்கன். அதன் மூடியில் 'எக்கோ சூப்பர் வாம்பர்' என்று எழுதியிருந்தது. ஜேர்மனியின் துரொசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்பவர் 1857இல் தொடங்கிய தொழிற்சாலை, 1896 முதல் 'மரீன் பாண்ட்' என்னும் பத்துத் துளைக் கருவியைச் செய்து வருகிறது. அதுவே இங்கிலாந்துக் கடைகளில் எக்கோ சூப்பர் வாம்பர் என்ற பெயரில் விற்கப்பட்டது என்பதை நாம் பிற்காலத்தில்தான் அறிந்தோம்.

மாலை வேளைகளில் பெரியப்பா திண்ணையில் அமர்ந்து சினிமாப் பாட்டுகள் வாசிப்பார். இறுதியில் மட்டும் அந்த மாலுமியிடம் கற்ற மெட்டு ஒன்றை வாசிப்பார். அதற்குச் சொல் இல்லை. சிறுவராகிய நாம் அதனை 'அழுகைப் பாட்டு' என்போம். அது புளூஸ் என்பது அன்று எமக்குத் தெரியாது. அடிமைகளாக வாழ்ந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே பருத்தித் தோட்டங்களிலும் இருப்புப்பாதை வேலைகளிலும் உழைத்துக்கொண்டு வளர்த்தெடுத்த இசை அது. ஜேர்மானியர் தம் நாட்டுப் பாடல்களுக்கெனச் செய்த சிறு கருவி, விலை மலிவாயும் சட்டைப்பைக்குள் அடங்குவதாயும் இருந்தமையால் அம்மக்களின் கைக்கு வந்தது. டிபோர்ட் பெய்லி அதிலே புகைவண்டியை ஓடச்செய்தார். ஜோன் லீ வில்லியம்சன் அதனைப் பாட்டோடு பேசவைத்தார். லிட்டில் வால்டர் 1952இல் 'ஜூக்' என்ற வாத்திய இசைத்தட்டினால் அதனை ஊரறியச் செய்தார். செய்தவர் எண்ணாத சுரங்களை வாசித்தவர் அதிலிருந்து வருவித்தார்கள்.

எங்ஙனம் வருவித்தார்கள்? இங்கேதான் பேரனுடைய கேள்விக்கு விடை இருக்கிறது. மவுத் ஓர்கனுக்குள் இருப்பது ரீட் எனப்படும் மெல்லிய உலோகத் தகடு. ஆர்மோனியத்தில் இருப்பதும் அதுவே. அதன் நீளமும் தடிப்பும் சுருதியைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் ஆர்மோனியத்தின் சுரம் அசையாது. கமகத்துக்கு இடங்கொடாத வாத்தியம் என்ற குறை காரணமாகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை விலக்கி வைத்திருந்தது. மவுத் ஓர்கனும் அதே குலத்தைச் சேர்ந்ததே. ஆயினும் பத்துத் துளைக் கருவியில் ஒரு வேறுபாடு உண்டு. ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் ஒரே அறை. அந்த ஓர் அறையில் இரண்டு ரீட்கள். ஒன்று ஊதும்போது ஒலிப்பது. மற்றையது மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலிப்பது. வாயின் உள்வடிவை மாற்றி இழுத்தால், உயர்ந்த சுருதியுடைய ரீட் தன் சுரத்தை விட்டு இறங்குகிறது. அப்போது அதுவரை வாளாவிருந்த தாழ்ந்த ரீட்டும் அசையத் தொடங்குகிறது. எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் எல்லையுண்டு: அயலிலுள்ள ரீட்டின் சுருதிக்கு அரைச்சுரம் மேலே நின்றுவிடவேண்டும். ஆகவே வளைந்த சுரம் ஒரு ரீட்டின் ஒலியன்று. இரண்டு ரீட்கள் தமக்குள் இணங்கிய ஒலி.

பேரன் வாங்கியது 'திரெமலோ' வகை. எமது கடைகளிற் காணப்படுவன பெரும்பாலும் அவ்வகையே. அதில் ஒரே சுரத்துக்கு மேலும் கீழும் இரண்டு ரீட்கள், சுருதியில் மிகச் சிறிய வேறுபாட்டுடன் வைக்கப்படுகின்றன. அந்த வேறுபாடே இனிய அதிர்வைத் தருகிறது. சினிமா மெட்டுக்கு அது பொருத்தமானது. ஆனால் ஒவ்வொரு ரீட்டும் தனித்தனி அறையில் இருக்கிறது. அயலவன் இல்லாத வீட்டில் இணங்குவதற்கு யாரிருக்கிறார்? பொத்தானை அழுத்தினால் அரைச்சுரம் மாறும் 'குரோமாற்றிக்' மற்றொரு வகை. பன்னிரண்டு சுரங்களும் அதில் முழுமையாக உண்டு. லாரி அட்லர் அதனைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். புளூஸிலும் அதற்கு இடமுண்டு. எனினும் அதன் ரீட்களிற் பெரும்பாலானவற்றை மெல்லிய தடுக்கிதழ்கள் காற்றொழுகாமல் மூடுகின்றன. சற்றே வளையும், ஆனால் புளூஸின் ஆழ்ந்த குழைவு வராது. அக்குழைவுக்கு வேண்டுவது எளிய பத்துத் துளைக் கருவியே.

சங்கீதம் பயிலும் பிள்ளைகளுக்கு இதனைச் சுரக்கணக்கிற் சொன்னால் விளங்கும். புளூஸ் வாசிப்போர் 'சி' சுருதிக் கருவியை எடுத்து, இரண்டாம் துளையை உள்ளிழுத்தால் வரும் 'ஜி'யையே சட்சமமாகக் கொள்வர். அப்போது மூன்றாம் துளையின் இழுப்பு அந்தர காந்தாரம். அதனை அரைச்சுரம் வளைத்தால் சாதாரண காந்தாரம். மேலும் வளைத்தால் சதுச்சுருதி ரிஷபம். இன்னும் ஒரு படி இறங்கினால் சுத்த ரிஷபம். நான்காம் துளையின் இழுப்பு பஞ்சமம். அது ஒரு படிதான் இறங்கும், பிரதி மத்தியமமாக. ஐந்தாம் துளையில் கைசிகி நிஷாதம். அங்கே இரு ரீட்களுக்கும் இடையே அரைச்சுரமே உள்ளதால் முழுப்படி இறங்க இடமில்லை. புளூஸின் உயிர் இரு காந்தாரங்களுக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் இல்லாத ஓரிடத்தில் நிற்கிறது. கமகத்தைக் கேட்டுப் பழகிய எமது காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாதது வியப்பன்று.

இனி, நாம் சொல்லாதிருந்ததைச் சொல்லவேண்டும். 1970ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் எமக்கு வயது பன்னிரண்டு. பெரியப்பா கோணேசர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில், அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பெட்டியைக் கதிரை வைத்து எடுப்போம். அவர் ஒருமுறை சொல்லியிருந்தார்: "அதை இழுத்து வளைக்கேலாது தம்பி. வாய்க்குள்ளை இடம் குடு. அது தானா இறங்கும்." எமக்கோ பொறுமையில்லை. நெஞ்சிலிருந்த மூச்செல்லாம் கூட்டி நான்காம் துளையை இழுத்தோம், மேலும் இழுத்தோம். முதல் வெள்ளியில் அதன் சுருதி சற்றுத் தாழ்ந்தது. அடுத்த வெள்ளியில் ஒலியே எழவில்லை. துடைத்து, பெட்டியில் இட்டு, மேல்தட்டில் வைத்துவிட்டோம்.

அன்றிரவு பெரியப்பா அழுகைப் பாட்டை வாசித்தார். நான்காம் துளை வந்த இடத்தில் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கணம் நிறுத்தினார், கருவியைத் திருப்பிப் பார்த்தார், மீண்டும் தொடங்கினார். எவரையும் ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சமம் இல்லாத பாட்டு எப்படியிருக்கும் என்பதைச் சங்கீதம் அறிந்தோர் உணர்வர். அதன்பின் அவ்விடத்தில் அவர் ஒரு கணம் மௌனம் காப்பார். அல்லது முதலாம் துளைக்கு இறங்கி, அங்குள்ள மந்தரப் பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறுவார். கேட்டவர்கள் அதனை அவருடைய பாணி என்றார்கள். இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அந்தக் காலத்தில் வேறொரு கருவி வாங்க வழியிருக்கவில்லை. 1979இல் அவர் காலமானார். ஒன்பது ஆண்டுகள் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தும் நாம் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டிருந்த பேரன், பெட்டியைத் திறந்து பழைய கருவியைப் பார்த்துவிட்டு, "பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அம்மப்பா" என்றான். "எப்படிச் சொல்லுறாய்?" என்றோம். "பிறகும் அதை மேல்தட்டிலையோ வைச்சவர்?" என்றான்.

நாம் சற்றுநேரம் பேசாதிருந்தோம். அந்த ஆவணிக்குப் பின் பெட்டி மேல்தட்டில் இருந்ததில்லை; கீழ் லாச்சியில், பூட்டில்லாமல் இருந்தது. பழுதான பொருளுக்குக் காவல் எதற்கென்று அவர் விட்டுவிட்டார் என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தோம். கதிரை வைத்து ஏறாமல் எடுக்கட்டும் என்று வைத்திருக்கக்கூடும் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளை சொல்லித்தான் அறிந்தோம். நாம் அதன்பின் ஒருநாளும் அந்த லாச்சியைத் திறக்கவில்லை.

மறுவாரம் கொழும்பிலுள்ள உறவினர் மூலம் பத்துத் துளைக் கருவி ஒன்றை வருவித்தோம். வாங்க எண்ணும் பெற்றோருக்கு எமது அனுபவத்திற் சில வார்த்தை. முதற்கருவி 'சி' சுருதியில் இருப்பது நன்று. வளைக்க அது மிகத் தாழ்ந்ததுமன்று, மிக உயர்ந்ததுமன்று. மரீன் பாண்டின் நடுவிலுள்ள சீப்பு போன்ற பகுதி பேரிமரத்தால் ஆனது, ஒலி கம்பீரமானது. ஆனால் ஈரத்தில் மரம் ஊதி உதட்டை உரசும். எமது துறைமுகத்து உப்புக்காற்றில் இதனை எண்ணவேண்டும். அதே நிறுவனத்தின் 'ஸ்பெஷல் 20' பிளாஸ்டிக் சீப்புடையது, காற்றொழுக்குக் குறைவு, பயில்வோருக்கு ஏற்றது. ஜப்பானில் 'டொம்போ' செய்யும் 'லீ ஒஸ்கார்' கருவிக்கு ரீட் தட்டுகளைத் தனியே வாங்கி மாற்றலாம். பலமாக இழுக்கும் பிள்ளைகளுள்ள வீட்டுக்கு அது சிக்கனம். 'சைடல்' நிறுவனம் துருப்பிடிக்காத உருக்கிலும் ரீட் செய்கிறது. விலை அதிகம், ஆயுளும் அதிகம்.

வளைப்பதற்குப் பெரியப்பா சொன்னதற்கு மேல் நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூச்சை மெதுவாக இழுத்துக்கொண்டே, வாய்க்குள் 'ஈ' என்பதிலிருந்து 'ஊ' என்பதற்கு நாவைக் கொண்டுசெல்லவேண்டும். தாழ்ந்த துளைகளுக்கு நா பின்வாங்கி, தாடை இறங்கி, வாய்க்குள் பெரிய இடம் வேண்டும். உயர்ந்த துளைகளுக்குச் சிறிய இடம் போதும். ஒன்று முதல் ஆறு வரை இழுப்பில் வளையும். எட்டு முதல் பத்து வரை ஊதலில் வளையும். மூன்றாம் துளையின் மூன்று படிகளிலும் பிசகாது நிற்க மாதக்கணக்கிற் பழகவேண்டும். அதற்கும் அப்பால் மிகையூதல் என்றொரு வித்தை உண்டு: ஒரு ரீட்டை அடக்கி, மற்றையதை அதன் இயல்பான சுருதிக்கும் மேலாக ஒலிக்கச் செய்தல். அமெரிக்கரான ஹவார்ட் லெவி அதனை வளர்த்து, பத்துத் துளையிலேயே எல்லாச் சுரங்களையும் வாசித்துக் காட்டினார். அதுவும் பலத்தால் வருவதன்று.

ஆனி மாதத்தில் ஒருநாள் மாலை, கச்சான் காற்று சற்றுத் தணிந்திருந்த வேளையில், பேரன் எமது திண்ணையில் அமர்ந்து பயின்றுகொண்டிருந்தான். மூன்றாம் துளை ஒரு படி இறங்கி நின்றது. அவனே திடுக்கிட்டு எம்மைப் பார்த்தான். பின்பு, நாம் முணுமுணுத்துக் காட்டியிருந்த அழுகைப் பாட்டை வாசிக்கத் தொடங்கினான். இரண்டு இடங்களிற் பிழைத்தான், திருத்திக்கொண்டான். நான்காம் துளை வருமிடத்தில் நாம் வழக்கம்போல மௌனத்தை எதிர்பார்த்திருந்தோம். அங்கே பஞ்சமம் ஒலித்தது.

"திரும்ப வாசி" என்றோம்.